ஆகட்டுங்க என்றாள்

ஆனைமலை,
4 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய ராமாமணி அம்மையாருக்கு,

வணக்கம். உங்கள் பெண்கள் கால்பந்துக் கழகத்தில் இடது ஓரத்தில் ஆடும் சாய்ப்ரியாவின் தகப்பன் நஞ்சுண்டன் எழுதுவது. கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசிப் பார்த்தேன். நீங்கள் ‘சாப்டாச்சுங்களா’ என்றீர்கள். நான் ‘ஆச்சுங்க, நீங்க?’ என்றேன். அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். ‘வெச்சறட்டுங்களா’ என்று வைத்துவிட்டோம். சொல்ல வந்தது என்னிடமே தங்கிவிட்டது. மறுநாள் கூப்பிட்டேன், மறுநாளும் மழைதான்.

நம் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு ‘ங்க’ நின்று கும்பிடுகிறது. கும்பிட்டுக்கொண்டே குறை சொல்ல எனக்கு வராது. எழுத்துத் தமிழில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

மகள் தீபாவளிக்கு வந்திருந்தாள். இடது முழங்கால் இளநீர் அளவுக்கு வீங்கியிருந்தது. தென்னை விவசாயி என்பதால் அளவை மிகைப்படுத்தவில்லை, குறைத்தே சொல்கிறேன். ‘ஏஞ்சாமி, என்ன ஆச்சு?’ என்று அவள் அம்மா கீதா கேட்டதற்கு, ‘பயிற்சியில திரும்பறப்ப மடங்கிருச்சுங்கம்மா, பரவால்லீங்க’ என்றாள். இலை போட்டால் தரையில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டாள். உங்கள் கழகத்துப் பிசியோதெரபி நிபுணர் ஜெரோம் ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டாள்.

இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. எது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். ஜெரோம் சொன்னதே நடக்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்


பீளமேடு,
12 நவம்பர் 2024

அன்புள்ள நஞ்சுண்டன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், பழக்கத்தில் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

கழகத்தின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் கழகம் யாரையும் வற்புறுத்தி ஆட வைப்பதில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியாளர் ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ‘ஆடுகிறாயா’ என்று கேட்க வேண்டும். இது விதி. இந்த விதியை வேறெந்தக் கழகத்திலும் நீங்கள் பார்க்க முடியாது.

பயிற்சியாளர் இக்னாசியோ ஸ்பெயின் நாட்டவர். அவருடைய ஆங்கிலமும் பெண்களுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆகவே நடுவில் நான் நிற்கிறேன். அவர் கேட்பதை நான் தமிழில் கேட்கிறேன், அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்கிறேன். போன சனிக்கிழமை சாய்ப்ரியாவிடம், ‘கண்ணு, நாளைக்கு ஆடறயா?’ என்று கேட்டேன். ‘ஆகட்டுங்க மேடம்’ என்றாள். சம்மதம் என்று அவரிடம் சொன்னேன். ஆடினாள். ஒரு கோலும் போட்டாள். பத்திரிகைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜெரோம் நல்ல பையன். ஆனால் ரொம்ப ஜாக்கிரதைக்காரர். அவர் பேச்சைக் கேட்டால் பதினோரு நாற்காலிகளைத்தான் மைதானத்தில் இறக்க வேண்டியிருக்கும். எங்கள் தலைவர், என் அண்ணன் நரசிம்மலு, இந்தப் பெண்கள் எல்லோரையும் சொந்த மகள்களாகவே நினைக்கிறார். நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அன்புடன்,
ராமாமணி


ஆனைமலை,
14 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

பத்திரிகைத் துண்டு கிடைத்தது. படத்தில் மகள் எந்தக் காலில் நிற்கிறாள் என்று பாருங்கள். கோல் போட்ட மகிழ்ச்சியில் மற்றவர்கள் குதிக்கிறார்கள். இவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

‘ஆகட்டுங்க’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள். போன மாதம் தூரத்துச் சொந்தம் ஒருவர் என் பெரிய மகளுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். வந்தவரிடம் ‘வேண்டாம்’ என்று சொன்னோமா? காபி கொடுத்தோம். ‘ஆகட்டுங்க, பார்க்கலாம்’ என்றோம். அவர் செருப்பை மாட்டும்போதே, வேறு யாரைப் பார்க்கலாம் என்று யோசித்தபடிதான் போனார். கட்சிக்காரர்கள் தோப்பில் கூட்டம் போட இடம் கேட்டால் ‘ஆகட்டுங்க’ என்கிறோம். அவர்களும் பக்கத்துத் தோப்புக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஊர்ப்பக்கம் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோரும் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்காக ஏற்பட்ட சொல் இது.

இது ஸ்பெயின்காரருக்குத் தெரியாது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் பீளமேட்டில் பிறந்து பீளமேட்டில் வாழ்பவர். உங்களுக்குத் தெரியாதிருக்க வழியில்லை. பத்தொன்பது வயதுப் பெண், எதிரே செயலாளர், பக்கத்தில் கோச். அவள் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியும்?

உங்கள் அண்ணன் தொழிற்சாலையில் செய்த மோட்டார்தான் என் கிணற்றில் ஓடுகிறது. நல்ல மோட்டார். அளவுக்கு மேல் சூடேறினால் தானே நின்றுவிடும். அந்த வசதியை என் மகளிடம் வைக்கத் தவறிவிட்டேன். தயாரிப்பாளர் என்ற முறையில் குறை என்னுடையதுதான். அதனால் அவளை வெளியிலிருந்துதான் நிறுத்த வேண்டும். நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்


பீளமேடு,
19 நவம்பர் 2024

திரு. நஞ்சுண்டன் அவர்களுக்கு,

எனக்குத் தமிழ் கற்பிக்க நினைத்ததற்கு நன்றி. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்தான். ஆனால் எத்தனையோ தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். என் மாமியார் ‘ஆகட்டும்’ என்றால் என்ன பொருள் என்று யாரிடமும் கேட்காமலே இருபது வருடம் குடும்பம் நடத்தியவள் நான்.

மொழிபெயர்ப்பவள் சொல்லைத்தான் மொழிபெயர்க்க முடியும். முகத்தை மொழிபெயர்க்க முடியாது. ஒரு பெண் சம்மதம் என்று சொன்ன பிறகு, ‘இல்லை, இவள் மனதில் இருப்பது வேறு’ என்று நான் சொன்னால், அவள் வாயில் என் சொல்லைத் திணித்தவளாக மாட்டேனா? இதை நான் வகுப்பில் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். டிசம்பர் முதல் தேதி மாநில லீக்கின் அரையிறுதி. இரண்டு பெண்களுக்குச் செமஸ்டர் தேர்வு, ஒருத்திக்கு டெங்கு. சாய்ப்ரியா இல்லாமல் இடது பக்கம் இல்லை. ஒரு டாக்டர் முழங்காலில் கட்டியிருந்த நீரை எடுத்து ஊசி போட்டிருக்கிறார். இப்போது வலி தெரியவில்லை என்கிறாள். இந்த ஒரு ஆட்டம் மட்டும். பிறகு பொங்கல் வரை ஓய்வு, இது என் வாக்கு.

இவ்வளவு சொல்லியும் உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் பிரச்சினையே இல்லை. நீங்கள் தகப்பனார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுகிறோம். ஆட்டத்தன்று காலை அண்ணனே உங்களை போனில் கூப்பிடுவார். அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

ராமாமணி


கோவை,
6 டிசம்பர் 2024

அம்மையாருக்கு,

ஆஸ்பத்திரியில் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் மைதானத்தில் பார்த்தீர்கள். நான் தோப்பில் நின்று போனில் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு பந்தை வாங்கித் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் தொடவில்லை. திரும்பியவள் உட்கார்ந்துவிட்டாள். வர்ணனையாளர், ‘சாய்ப்ரியா கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்கிறார்’ என்றார். ஒரு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததை அவர்தான் கடைசியில் கொடுத்தார்.

முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான தசைநார் முழுதாக அறுந்துவிட்டது. குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறது. ஏற்கெனவே பாதி அறுந்திருந்ததாம். மீதிப் பாதியை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, நீங்கள் மைதானத்தில் இறக்கிவிட்டீர்கள். டாக்டர் படத்தை விளக்கில் காட்டி விளக்கினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டினேன்.

வரும் வழியில் அவினாசி சாலையில் உங்கள் கழகத்தின் பிளெக்ஸ் பார்த்தேன். மகள் தரையில் கிடக்கும் படம். மேலே ‘வலியை வென்ற வீரமங்கை’. கீழே உங்கள் அண்ணன் கைகூப்பியபடி நிற்கிறார். வீரமங்கை தற்சமயம் பாத்ரூமுக்குப் போக அம்மாவைக் கூப்பிடுகிறாள். வலியை அவள் வென்ற விவரம் வலிக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.

அரையிறுதியில் ஜெயித்ததற்கு வாழ்த்துகள்.

வேண்டாம் என்று அவள் சொன்னாள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே மாற்றிச் சொன்னீர்கள். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

நஞ்சுண்டன்


பீளமேடு,
12 டிசம்பர் 2024

அன்புள்ள நஞ்சுண்டன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

ஏழாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். லிப்ட் பக்கத்தில் ஆரஞ்சுப் பையோடு நின்றிருந்தேன். உங்கள் மனைவி பிளாஸ்க்குடன் வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். ‘வாங்க வாங்க, ஏன் வெளியிலயே நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க, காபி இருக்குதுங்க’ என்றார். என்னால் உள்ளே வர முடியவில்லை. பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

ஆம், எனக்குத் தெரியும். அரையிறுதிக்கு முந்தைய நாள் கேட்டபோதும் அதே ‘ஆகட்டுங்க மேடம்’தான். சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்தாள். என் வீட்டில், என் வாழ்க்கையில், அந்தச் சொல்லை அந்தக் குரலில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஆட்டம். ‘சம்மதம்’ என்பது சுலபமான சொல். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும், மன்னியுங்கள். டிசம்பர் முதல் தேதி காலை அண்ணன் உங்களைக் கூப்பிட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன். பயிற்சியாளரும் இருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ‘உங்க பொண்ணு எம் பொண்ணு மாதிரிங்க, இன்னைக்கு ஒரு ஆட்டம் ஆடட்டுங்களா?’ என்று அண்ணன் கேட்டார். உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அந்த ஒரு முறையாவது உள்ளதை உள்ளபடியே மொழிபெயர்த்துவிட வேண்டும் என்று தயாராக நின்றேன்.

நீங்கள், ‘நீங்க பார்த்துச் செய்யுங்க. ஆகட்டுங்க’ என்றீர்கள்.

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ராமாமணி


ஆனைமலை,
18 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. நான்கு முறை பதில் எழுதி, நான்கையும் கிழித்துவிட்டேன். நான்கிலும் குற்றவாளி நீங்களாகவே இருந்தீர்கள். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று காலை நடந்தது இது. போன் வந்தபோது வாசலில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தேன். ‘நரசிம்மலு பேசறேனுங்க’ என்றதும் எழுந்து நின்றேன். போனுக்கு. சட்டையில்லாமல் இருந்ததால் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அதுவும் போனுக்குத்தான். உங்களுக்கு அத்தனை பக்கம் எழுதியவன், ஒரு சொல்லின் வரலாற்றையே எழுதி அனுப்பியவன், அவ்வளவு பெரிய மனிதர் தாமாகக் கூப்பிட்டு அனுமதி கேட்கிறாரே என்று குளிர்ந்துபோனேன். வேண்டாம் என்பது தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது வேறு. நான் சொன்னதன் பொருள் வேண்டாம் என்பதுதான். அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். புரிந்தும் இருக்கும். போனை வைத்ததும் கீதா, ‘சொல்லிப்போட்டீங்களா?’ என்று கேட்டாள். ‘சொல்லிப்போட்டேன்’ என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை, மகள் மைதானத்தில் இறங்குவதைப் பார்க்கும் வரை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஆபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து தசைநார் எடுத்து முழங்காலில் வைத்திருக்கிறார்கள். குருத்தெலும்பில் பாதியை எடுத்துவிட்டார்கள், அதற்கு மாற்று கிடையாதாம். திரும்ப ஆடலாமா என்று கேட்டேன். டாக்டரும் நம் ஊர்க்காரர்தான். ‘நல்லாப் படிக்கற பொண்ணுங்களா?’ என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. மகளுக்கும் புரிந்துவிட்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்தைய நாள் உங்கள் கழகத்திலிருந்து நான்கு பேர் கேடயத்தோடு வந்தார்கள். போட்டோ எடுக்க மகளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கீதா அவர்களுக்கும் காபி கொடுத்தாள். கேடயம் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இறுதி ஆட்டத்தில் நீங்கள் தோற்றதாக அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை. தெரிந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதமாகியிருக்காது.

நஞ்சுண்டன்


பீளமேடு,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள நஞ்சுண்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதில் என்னைத் தண்டிக்கும் வரி ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன். இல்லாதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கழகத்தின் செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். காயம்பட்ட பெண் ஆடலாமா கூடாதா என்பதை ஜெரோம் ஒருவரே முடிவு செய்ய வேண்டும், மற்ற யாரும் குறுக்கிடக் கூடாது என்பது தீர்மானம். எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்திலும் அதற்கடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜெரோம் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது என்னிடம், ‘மேடம், நான் சொன்னது இங்கிலீஷ்லயே இருந்துச்சு. அதுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படல’ என்றார்.

யுஸ்ராவை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோல்கீப்பர், உங்கள் மகளுடைய அறைத்தோழி. போன வாரம் அவளுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. பயிற்சியாளர் கேட்கச் சொன்னார், கேட்டேன். ‘சரிங்க மேடம்’ என்றாள். நான் அவரிடம், ‘ஆட மாட்டேன் என்கிறாள்’ என்று சொல்லிவிட்டேன். முப்பது வருட வாத்தியார் வேலையில் கற்பித்த அத்தனையையும் அந்த ஒரு வாக்கியத்தில் மீறினேன். யுஸ்ரா ஆடவில்லை. நான்கு கோல் வாங்கித் தோற்றோம். பயிற்சியாளருக்குச் சந்தேகம் வந்து விசாரித்திருக்கிறார். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். சாம்பார் வேண்டுமென்றால் சமையல்காரரிடம் சொல்லி அனுப்புகிறார்.

இனி மொழிபெயர்க்க நான் தேவையில்லை. போனில் ஒரு செயலி வைத்துக்கொண்டார்கள். பெண்கள் தமிழில் பேசினால் அது ஸ்பானிஷில் சொல்கிறது. ‘ஆகட்டுங்க’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘அப்படியே நடக்கட்டும்’ என்று ஒரு பாதிரியாரின் குரலில் சொன்னது. அந்த இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பீளமேட்டில் பிறக்கவில்லை.

மார்ச் மாதம் வரை செயலாளர் பதவி பெயரளவில் இருக்கிறது. ஆட்டங்களுக்குப் போய்ப் பார்வையாளர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? நான் சாய்ப்ரியாவை வந்து பார்க்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னதை மாற்றிச் சொன்னதற்காக, அவளிடம் நேரில் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். வரக் கூடாது என்றால் அப்படியே எழுதுங்கள்.

ராமாமணி


ஆனைமலை,
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் துண்டைக் கொடுத்து இழுத்து முழங்காலை மடக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மடங்குகிறது.

‘உங்க மேடம் உன்னைப் பார்க்க வரலாமான்னு கேக்கறாங்க அம்மணி’ என்றேன்.

‘எதுக்குங்கப்பா?’

‘நீ வேண்டாம்னு சொன்னத சரின்னு மாத்திச் சொல்லிப்போட்டாங்கல்ல, அதுக்கு.’

துண்டை இழுப்பதை நிறுத்தினாள். ‘நான் எங்கீங்கப்பா வேண்டாம்னு சொன்னேன்?’

‘ஆகட்டுங்கன்னு சொன்னியாமா.’

‘ஆமா. ஆடறேன்னுதான் சொன்னேன்.’

எனக்கு அவள் சொன்னது விளங்க நேரமாயிற்று. வலிக்கவில்லையா என்று கேட்டேன். ‘உசுரே போச்சுங்க. நிக்க முடியல. அதுக்காக? செமி பைனல்ங்கப்பா’ என்றாள். நீ மேடத்தைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்தாயாமே என்றேன். ‘எங்க நொண்டறதக் கண்டுபுடிச்சு நிறுத்திப்போடுவாங்களோன்னு கீழ பார்த்தேன்’ என்றாள்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் திருத்தவில்லை.

‘ஆடறயான்னு எங்கிட்டக் கேட்டா நான் ஆடறேன்னுதான் சொல்லுவேன். இன்னைக்கு இந்தக் காலோட கேட்டாலும் அதேதான். நீங்க எல்லாரும் எதுக்கு எங்கிட்டக் கேட்டுட்டே இருந்தீங்க? ஜெரோம் அண்ணன் கேக்கல. ஆடாதேன்னு மட்டும் சொன்னார். அவரு மேல எனக்கு அப்ப அத்தனை கோவம்.’

அம்மையாரே, வேண்டாம் என்பதைச் சம்மதமாக்கினீர்கள் என்று நான் உங்களைக் குற்றம் சொன்னேன். நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். நான் சொன்ன வேண்டாமும் சம்மதமாயிற்று, அதற்கு நான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டேன். நான்கு மாதம், நல்ல தமிழில், ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்தோம். அவள் சொன்னதற்கு நேரடிப் பொருளே பொருள். உங்கள் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அவள் காலைப் பார்த்ததுமே நிறுத்தியிருந்தால் மொழிபெயர்ப்புக்கே வேலை இருந்திருக்காது. நீங்கள் பார்த்தீர்கள், நான் பார்த்தேன், உங்கள் அண்ணனும் பார்த்தார். பார்த்துவிட்டு, அவளிடமே போய்க் கேட்டோம். விதிப்படி.

நீங்கள் வீட்டுக்கு வருவது பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை மறுபடி இழுக்கத் தொடங்கிவிட்டாள். வற்புறுத்தவில்லை. ஆனால் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோவையில் உங்கள் கழகத்தின் ஆட்டம் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யுஸ்ரா ஆடுகிறாளாம், பார்க்கப் போக வேண்டும் என்றாள். போகக் கூடாது என்று சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் நான் அவளிடம் சுற்றி வளைக்காமல் மறுத்தது இதுதான் முதல் தடவை. தேவைப்பட்ட இடத்தில் வராமல், வேறொரு நாள், வேறொன்றுக்கு வந்திருக்கிறது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தனியாகப் பஸ்ஸில் வருகிறாள். நானும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். படி ஏறிவிடுவாள். இறங்குவதுதான் இன்னும் சிரமம், கால் நடுங்குகிறது. கேலரிப் படிகளில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் வேறு தள்ளும்.

நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவள் எழுந்திருக்கும்போது பக்கத்தில் போய்விடுங்கள். உதவி வேண்டுமா என்று கேட்காதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்